மறதிக்காரப் பெட்டிகள்

பென் டிரைவில் வைரஸ் வந்தாலும் பயமில்லை, அணைத்துப் போட்டால் போய்விடும். தின் கிளையன்ட் பெட்டிகளில் எனக்கு முதலில் பிடித்துப்போன விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்போது சிஸ்டம் அட்மினாக இருந்தேன். வார்டு, பார்மசி, பில்லிங், லேப் என்று எல்லா மேஜையிலும் இருந்த பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிவிட்டு 200 சொச்சம் தின் கிளையன்ட்டுகளை வைத்தோம். பொள்ளாச்சி, உடுமலை, மேட்டுப்பாளையம் கிளினிக்குகளிலும் அதேதான். விசிறி கிடையாது, சுழல்கிற டிஸ்க் கிடையாது, மானிட்டருக்குப் பின்னாலேயே மாட்டிவிடலாம். டாக்டரும் சிஸ்டரும் பார்க்கிற விண்டோஸ் உண்மையில் சர்வர் அறையில் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டி அந்தத் திரையின் படத்தை வாங்கிக் காட்டும், இங்கே தட்டுகிற எழுத்தை அங்கே அனுப்பும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

"உள்ளே ஒண்ணுமே இல்லைங்க சார், அதனால மெயின்டெனன்ஸும் இல்லை" என்றார் விற்க வந்தவர். நிர்வாகக் கூட்டத்தில் அதையே நானும் சொன்னேன், அவரைவிடக் கொஞ்சம் அழுத்தமாக. பெட்டிகளை மேய்ப்பதற்கு ஒரு நிர்வாக மென்பொருள் கூடவே வந்தது. எச்.பி. பெட்டி வாங்கினால் எச்.பி. டிவைஸ் மேனேஜர், டெல் வைஸ் வாங்கினால் வைஸ் மேனேஜ்மென்ட் சூட், ஜெர்மனியின் ஐஜெல் வாங்கினால் யூ.எம்.எஸ். பெயர்தான் வேறு, இடது பக்கம் ஒரு மரம், வலது பக்கம் வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சை அல்லது சிவப்பு. எங்களுடையதும் அப்படித்தான். கூட்டத்திலேயே அதைத் திறந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து உடுமலையில் ஒரு பெட்டியை ரீபூட் செய்து காட்டினேன். பெரிய டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சி இறங்கக் கொஞ்ச காலம் ஆயிற்று.

எங்கள் பெட்டிகளுக்குள் இருந்தது விண்டோஸ் எம்பெடட். அதில் ரைட் ஃபில்டர் என்று ஒன்று உண்டு. பெட்டியின் ஃப்ளாஷில் எதையாவது எழுதப் போனால் இது குறுக்கே நின்று, எழுதுவதை எல்லாம் ரேமுக்குத் திருப்பிவிடும். எழுதிய புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது, தான் டிஸ்கில்தான் எழுதினோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். மின்சாரம் போனால் ரேமில் இருந்தது அத்தனையும் போச்சு. மறுநாள் காலை, ஃபில்டரை ஏற்றிய அன்றைக்கு இருந்த மாதிரியே பெட்டி விழிக்கும். வைரஸ், வார்டு பையன் மாற்றிவைத்த வால்பேப்பர், யாரோ தெரியாமல் கெடுத்த செட்டிங், எதுவுமே நிற்காது. ஃப்ளாஷுக்கும் ஆயுசு கூடும். அட்மினுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பெட்டிகள் வந்து ஒரு மாதம் தாண்டியிருக்கும். ஒரு காலையில் இரண்டாவது மாடியிலிருந்து போன். "சார், இந்தப் பொட்டி எங்க யாரையும் தெரியலைங்குது." போய்ப் பார்த்தால், இந்தக் கணினிக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. குடும்பநல நீதிமன்றத்து மனுவில் வருகிற வாசகம் மாதிரி இருந்தது. டொமைன் என்பது மருத்துவமனைக் கணினிகள் எல்லாம் சேர்ந்திருக்கிற குழு; பெட்டியை அதிலிருந்து எடுத்து மறுபடி சேர்த்தேன், சரியாயிற்று. மத்தியானத்துக்குள் பார்மசியிலிருந்து இன்னொரு போன், சாயங்காலம் லேபிலிருந்து. அந்த வாரத்தில் அடுக்கடுக்காக விழுந்தன.

காரணம் புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு விண்டோஸ் கணினிக்கும், நம்மைப் போலவே, ஒரு கடவுச்சொல் உண்டு. அதை யாரும் தட்டுவதில்லை. கணினியும் டொமைன் கன்ட்ரோலர் என்கிற சர்வரும் தங்களுக்குள் வைத்துக்கொள்வது. 30 நாளுக்கு ஒருமுறை கணினியே அதை மாற்றிக்கொள்ளும், சர்வரிடம் புதியதைச் சொல்லிவிடும். எங்கள் பெட்டிகளும் ஒழுங்காக அதைத்தான் செய்தன. சர்வர் புதிய கடவுச்சொல்லைக் குறித்துக்கொண்டது. பெட்டியும் குறித்துக்கொண்டது, ஆனால் ரேமில். அன்று ராத்திரி அணைத்ததும் அது போய்விட்டது. காலையில் பெட்டி பழைய கடவுச்சொல்லோடு போய் நின்றால் சர்வர் எப்படி உள்ளே விடும்? எல்லாப் பெட்டிகளையும் ஒரே சமயத்தில் டொமைனில் சேர்த்திருந்ததால் எல்லாமே ஒரே சமயத்தில் வெளியே தள்ளப்பட்டன.

இதில் மைக்ரோசாஃப்ட் முன்யோசனையோடுதான் இருந்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரி ஃபில்டர் என்று ஒரு துணை உண்டு. எதையும் எழுதவிடாத பெட்டியில் இரண்டே விஷயங்களை மட்டும் எழுதவிடுவதற்காக அதை வைத்தார்கள். ஒன்று இந்த டொமைன் ரகசியம். இன்னொன்று ரிமோட் டெஸ்க்டாப் உரிமம்; அதையும் மறந்துவிட்டால் பெட்டி விழிக்கும்போதெல்லாம் புது ஆளாகப் போய் லைசென்ஸ் சர்வரிடம் கைநீட்டும். பெட்டிகளில் ஏற்றி வந்த மென்பொருள் நகலில், அதாவது இமேஜில், அந்த ஃபில்டர் இயக்கப்படாமல் இருந்தது. எந்தெந்த விஷயத்தைப் பெட்டி மறக்கக்கூடாது என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும். அப்படி யாரும் செய்யவில்லை. அந்த யாரோ நான்தான் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

நிர்வாக மென்பொருள் எதற்கு என்று எனக்கு உண்மையிலேயே புரிந்ததும் அந்த வாரம்தான். ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டுமானாலும் வரிசை ஒன்று இருக்கிறது: ஃபில்டரை அணை, ரீபூட் செய், மாற்றத்தைப் போடு, ஃபில்டரை ஏற்று, மறுபடி ரீபூட் செய். 200 பெட்டிகளுக்குக் கையால் செய்கிற காரியமா? அந்த மென்பொருளின் கன்சோலில் இதை ஒரு டாஸ்காக எழுதி ஒரு குழுவுக்கு அனுப்பினால் அதுவே செய்துவிடும். கடைசிப் படி ஏதோ ஒரு பெட்டியில் தவறிப்போனால் கன்சோல் அதைச் சொல்லும், ஆனால் கேட்டால்தான் சொல்லும். ஃபில்டர் ஏறாமல் நின்ற பெட்டி எல்லாவற்றையும் ஞாபகம் வைக்க ஆரம்பிக்கும், சிறிது காலத்தில் ஃப்ளாஷ் நிரம்பி மூச்சுத் திணறும். ஆகவே ஃபில்டர் அணைந்திருக்கும் பெட்டிகள் எவை என்று தினமும் ஒரு ரிப்போர்ட் வரும்படி வைத்தேன். பச்சைப் புள்ளியைவிட அந்த ரிப்போர்ட்டைத்தான் பிறகு அதிகம் நம்பினேன்.

கடவுச்சொல் வம்பே வேண்டாம் என்று பெட்டிகளை டொமைனிலிருந்தே வெளியே எடுத்தோம். யார் உள்ளே நுழைகிறார்கள் என்பதைச் சர்வரில் பார்த்துக்கொள்ளலாம், பெட்டி யாராக இருந்தால் என்ன என்பது எங்கள் எண்ணம். எண்ணம் சரிதான். ஆனால் டொமைன் இன்னொரு வேலையையும் ஓசையில்லாமல் செய்துகொண்டிருந்தது. பெட்டிக்கு மணி சொல்லிக்கொண்டிருந்தது.

உடுமலை கிளினிக்கில் சில பெட்டிகள் காலையில் சர்வரோடு இணைய மறுத்தன. சர்வரின் செர்டிஃபிகேட் செல்லாது என்றது திரை. அங்கேயே மூலையில் தேதியைப் பார்த்தேன்: 2011, ஜனவரி 1. செர்டிஃபிகேட் அதற்குச் சில வருஷங்கள் கழித்து வாங்கியது. இன்னும் பிறக்காத செர்டிஃபிகேட்டை அந்தப் பெட்டி எப்படி ஏற்கும்? மதர்போர்டில் இருக்கிற சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு காலையும் பெட்டி 2011-இல் விழித்துக்கொண்டிருந்தது. நேரத்தை நெட்வொர்க்கிலிருந்து சரிசெய்துகொள்ளாதா என்று கேட்பீர்கள். டொமைனில் இருந்தவரை எவ்வளவு வித்தியாசமானாலும் சரிசெய்துகொண்டது. டொமைனுக்கு வெளியே இருக்கிற விண்டோஸ், வித்தியாசம் 54,000 விநாடிக்கு, அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் போனால், தொடாமல் விட்டுவிடும். அதுதான் இயல்பான அமைப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், பெட்டிக்குள் இருந்து கன்சோலோடு பேசுகிற ஏஜென்ட்டும் செர்டிஃபிகேட்டை வைத்துத்தான் பேசும். எந்தப் பெட்டியை இங்கிருந்து சரிசெய்ய வேண்டுமோ அதே பெட்டி கன்சோலில் சிவப்பாக நின்றது. கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறுவதைத் தவிர வழியில்லை.

பேட்டரி ஏன் உடுமலையில் மட்டும் இப்படிச் சாகிறது என்பதற்கு விடை வாட்ச்மேனிடம் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி. "ராத்திரிக்கு மெயினை எறக்கி விட்ருவனுங்க தம்பி. பக்கத்து எலெக்ட்ரிகல் கடைல ஒருக்கா வயரு பத்திக்கிச்சுங்கல்ல, அதுலருந்து பழக்கமுங்க." அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் மெயினை இறக்கினால் பெட்டிக்குள் ஸ்டாண்ட்பை மின்சாரமும் போய்விடும். பத்து பன்னிரண்டு மணி நேரம் கடிகாரத்தை ஓட்டுகிற பாரம் முழுக்க அந்தப் பட்டன் பேட்டரி மேல் விழும்.

அதோடு போனால் பரவாயில்லை. ராத்திரி 2 மணிக்கு அப்டேட் அனுப்ப நான் வேக்-ஆன்-லேனை நம்பிக்கொண்டிருந்தேன். தூங்குகிற பெட்டியை எழுப்ப ஒரு பாக்கெட் அனுப்புவார்கள். முதலில் ஆறு பைட், அப்புறம் அந்தப் பெட்டியின் மேக் முகவரி 16 தடவை, மொத்தம் 102 பைட். நெட்வொர்க் கார்டில் ஸ்டாண்ட்பை மின்சாரம் இருந்தால்தான் அது காதில் விழும். ரவுட்டரைத் தாண்டுவதும் சுலபமில்லை. கிளினிக்கிலேயே ஒரு பெட்டியோ கேட்வேயோ விழித்திருந்து பக்கத்தில் இருப்பவற்றை எழுப்ப வேண்டும். மெயினே இறங்கியிருக்கும்போது யாரை யார் எழுப்புவது? கன்சோலில் உடுமலைக் குழு மட்டும் எப்போதும் 'காத்திருக்கிறது' என்று நிற்கும். நானும் லைன் கோளாறு என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தேன்.

காத்திருந்த டாஸ்க்குகள் ஒருநாள் காத்திருப்பை முடித்துக்கொண்டன. ஆஃப்லைனில் இருக்கும் பெட்டி எப்போது விழித்தாலும் டாஸ்க்கைக் கொடு என்பது ஒரு டிக். அந்த டிக்கை நான் போட்டிருந்தேன். காலை எட்டரைக்கு வாட்ச்மேன் மெயினை ஏற்றினார். டோக்கன் கவுன்ட்டர், பில்லிங், டாக்டர் அறை, எல்லாப் பெட்டியும் ஒன்றாக விழித்து ஒன்றாக இமேஜ் இறக்க ஆரம்பித்தன. இமேஜ் 4 ஜி.பி., கிளினிக்குக்கு வருகிற லீஸ்ட் லைன் 2 எம்.பி.பி.எஸ். ஒரே ஒரு பெட்டிக்கு முழு லைனையும் கொடுத்தாலே நாலரை மணி நேரம் ஆகும் கணக்கு. கவுன்ட்டரில் இருந்த பெண் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சார், ஒரு பர்சன்ட்னு காட்டிட்டு நிக்குதுங்க. சுகர் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்தோட வந்தவங்க நாப்பது பேரு நிக்கறாங்க. கையில எழுதிக் குடுக்கட்டுங்களா?" எழுதிக் கொடுக்கச் சொன்னேன். கன்சோலிலிருந்து டாஸ்க்கை ரத்து செய்தேன். பாதி எழுதிய பெட்டிகள் ரத்து ஆகவில்லை.

இதற்கு வைத்தியம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நிர்வாகக் கருவிகள் எல்லாவற்றிலும் ரெபாசிட்டரி என்று ஒன்று உண்டு, கோப்புகளை வைக்கிற இடம். அதை ஒவ்வொரு கிளையிலும் ஒன்றாக வைக்கலாம். இமேஜ் ஒரே ஒருமுறை ராத்திரியில் மெதுவாக அங்கே போய்ச் சேரும், பெட்டிகள் பக்கத்து ஸ்விட்சிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பழைய டெஸ்க்டாப் ஒன்றை அதற்கு ஒதுக்கி, வாட்ச்மேனிடம் போய் அந்த ஒரு பிளக்கை மட்டும் தனி லைனில் மாற்றித் தரச் சொன்னேன். எலெக்ட்ரீஷியனை அவரே கூட்டிவந்தார். எழுப்புகிற வேலையையும் அந்த டெஸ்க்டாப்பிடமே கொடுத்தோம், அப்டேட்டைச் சனிக்கிழமை ராத்திரிக்கு வைத்தோம், அன்றைக்கு மட்டும் அவர் மெயினை இறக்குவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஒரு போன் போடுவது என் வேலைப் பட்டியலில் சேர்ந்துகொண்டது.

கன்சோலில் இடது பக்கம் இருக்கும் மரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் அதை நெட்வொர்க் கண்ணால் வரைந்திருந்தேன்: இந்த சப்நெட், அந்த சப்நெட், இந்த மாடல், அந்த மாடல். பெட்டிகளின் பெயர்கள் மேக் முகவரியாகவே இருந்தன. எனக்கு அது ஒழுங்காகத் தெரிந்தது. ஐ.சி.யு.வில் ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தார். அவர் ஒவ்வொரு பெட்டியிலும் மைக்ரோபோர் டேப்பைக் கிழித்து ஒட்டி, மார்க்கரில் எழுதி வைத்திருந்தார். 'நைட் டியூட்டி', 'எக்ஸ்ரே பார்க்க', 'பெரிய டாக்டர் மட்டும்', ஒன்றில் 'லேட்டா வரும்'. பிரின்டர் எந்தப் பெட்டிக்கு எது என்பதைப் பெட்டியின் பெயரை வைத்துத்தான் நான் கட்டியிருந்தேன். மானிட்டர் நன்றாக இருக்கிறதென்று வார்டில் பெட்டியோடு சேர்த்துத் தூக்கி இடம் மாற்றினால், ஐ.சி.யு. மருந்துச் சீட்டு மூன்றாவது மாடியில் அச்சாகும். கன்சோலுக்கு அது தெரியவே தெரியாது. அதைப் பொறுத்தவரை இரண்டு பெட்டியும் பச்சை.

சிஸ்டரின் டேப்பை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து மரத்தைத் திரும்ப வரைந்தேன். ஒரு நிமிஷம்கூட நிற்கக்கூடாதவை ஒரு கிளை, ராத்திரியில் சும்மா இருப்பவை ஒரு கிளை, டாக்டர் இல்லாத நாளில் தொடக்கூடியவை ஒரு கிளை. எந்தச் சுவர் பாயின்ட்டில் சொருகியிருக்கிறதோ அதை வைத்துப் பெயர் வரும்படி செய்தோம், பெட்டியைத் தூக்கிப்போனாலும் பெயர் சுவரிலேயே நிற்கும். அப்டேட்டுக்கு எந்தக் கிளையை முதலில் எடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த 'லேட்டா வரும்' பெட்டியின் கோளாறு பெட்டியிலேயே இல்லை, பேட்ச் கார்டு அழுக்கேறிப்போயிருந்தது.

சொல்லக் கூச்சமாக இருக்கிற ஒன்றும் இந்தக் கன்சோலில்தான் நடந்தது. ஷேடோ என்று ஒரு வசதி, வி.என்.சி. வழியாக யார் திரையையும் இங்கிருந்தே பார்க்கலாம், மவுஸையும் நகர்த்தலாம். எதிரே இருப்பவர் சம்மதித்தால்தான் திறக்கும் என்று வைக்கலாம், கேட்காமலே திறக்கும்படியும் வைக்கலாம். ராத்திரி ஷிஃப்டில் போனை எடுக்க ஆளில்லை என்று சாக்குச் சொல்லி நான் இரண்டாவதை வைத்திருந்தேன். உண்மையில் எனக்கு வேடிக்கை பார்க்கப் பிடித்திருந்தது. யார் எவ்வளவு வேகமாக பில் போடுகிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஒரு டியூட்டி டாக்டர் நோயாளி ஒருவரின் ரிப்போர்ட்டைத் திறந்து வைத்திருந்தார். என் கை பட்டு அம்புக்குறி நகர்ந்தது. அவர் நோட்பேடைத் திறந்து ஒரு வரி தட்டினார்: யாருங்க நீங்க? நான் இணைப்பைத் துண்டித்தேன். பெட்டியில் அது நடந்ததற்கு ஒரு தடயமும் மிஞ்சவில்லை, ஆனால் கன்சோலின் ஆடிட் லாகில் என் பெயரும் நேரமும் விழுந்திருந்தது. எல்லாம் மறக்கும் அமைப்பில் மறக்காத பகுதி அது ஒன்றுதான். மறுநாள் சம்மதம் கேட்பதைக் கட்டாயமாக்கினேன், அந்த லாகை மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கும் மாதம் ஒருமுறை அனுப்பினேன். டாக்டரிடம் போய் நான்தான் என்று சொல்லவும் செய்தேன். "தெரியுமே" என்றார்.

கன்சோலே ஒரு வாசல் என்பது 2020-இல் ஊருக்கே தெரிந்தது. அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் எச்.பி. டிவைஸ் மேனேஜரில் ஓட்டைகளை நிக் ப்ளூர் என்கிற பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்டார். அதன் டேட்டாபேஸில் கண்ணில் படாத ஒரு கணக்கு இருந்தது; கடவுச்சொல் வெறும் ஒரு ஸ்பேஸ். டிசம்பரில் டெல் வைஸின் தின்ஓஎஸ் 8.6 வரையிலான பதிப்புகளில் இரண்டு ஓட்டைகள், தீவிரத்தில் 10-க்கு 10. பெட்டிகள் தங்கள் அமைப்பை ஒரு ஐ.என்.ஐ. கோப்பிலிருந்து படிக்கும், அந்தக் கோப்பு இருக்கும் எஃப்.டி.பி. சர்வரில் பெயர் கடவுச்சொல் இல்லாமலே நுழையலாம் என்ற நிலை. படிக்கவும் முடியும், மாற்றி எழுதவும் முடியும். எதையுமே ஞாபகம் வைக்காத பெட்டி, காலையில் எழுந்ததும் யார் எதைச் சொல்கிறார்களோ அதைக் கேட்டு நடக்கும். சொல்கிற இடத்தைப் பிடித்தால் 200 பெட்டியையும் பிடித்த மாதிரி. எங்கள் பெட்டி வேறு கம்பெனியுடையது, வழி ஒன்றுதான். அமைப்புக் கோப்பை எச்.டி.டி.பி.எஸ்.-க்கு மாற்றி, கன்சோல் சர்வரைத் தனி விலானில் ஒதுக்கி, இரண்டு பேரைத் தவிர மற்ற கணக்குகளை எல்லாம் எடுத்தோம்.

விண்டோஸ் எம்பெடட் ஸ்டாண்டர்ட் 7-க்கு 2020 அக்டோபர் 13-உடன் ஆதரவும் முடிந்தது. இப்போது நான் இருக்கிற மருத்துவமனையில் லினக்ஸை வைத்து ஓடுகிற பெட்டிகளுக்கு மாறுவதாகப் பேச்சு. கன்சோலைக் கிளவுடிலேயே வைத்துக்கொள்ளலாம், இங்கே சர்வரே வேண்டாம் என்கிறார் விற்க வந்திருக்கும் இளைஞர். லைன் அறுந்தால் பெட்டி கடைசியாக வாங்கிய அமைப்போடு உள்ளூர் சர்வருக்குப் போகுமா என்று கேட்டேன். போகும் என்றார். டெமோவில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, மெயினை இறக்கி, பட்டன் பேட்டரியையும் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றிக் காட்டச் சொன்னேன். "பேட்டரியை எதுக்குங்க சார் கழட்டணும்?" என்றார். புதன்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.